நோயை மறைப்பது தவக்குல் ஆகுமா?

(காசநோயும் அதன் கிருமியும் – ஒரு விளக்கம்)

 



மனிதர்களில் பெரும்பாலோர் இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகள் ஆரோக்கியமும் ஓய்வும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தியுள்ளார்கள் (புகாரி). கையில் இருக்கும்போது மதிப்புத் தெரியாத செல்வம் ஆரோக்கியம். அது கைநழுவும் வேளையில் ஒரு முஸ்லிம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஆனால் தொற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் நம் குடும்பங்களில் நடப்பது என்ன?

வீட்டில் ஒருவருக்கு மூன்று வாரங்களாக இருமல். சாதாரணச் சளி என்று சொல்லி நாள் கடத்துகிறோம். பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்துவிட்டால், அந்தச் சொல்லையே வீட்டுக்குள் புதைத்துவிடுகிறோம். வெளியே தெரிந்தால் நாளை நம் பெண்ணுக்கு மாப்பிள்ளை வருமா என்று அஞ்சுகிறோம். நோயாளிக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய் ஒதுக்குகிறோம். அவர் இருக்கும் அறையின் ஜன்னலையும் கதவையும் இறுகச் சாத்துகிறோம். ஒரு சாரார், மார்க்கத்தில் தொற்று என்பதே இல்லை, எல்லாம் கத்ர் என்று கூறி மருந்தை அலட்சியம் செய்கின்றனர். மற்றொரு சாரார், நோயாளியைக் கண்டாலே ஒதுங்கி, ஸலாம் சொல்லவும் தயங்குகின்றனர். இவ்விரண்டும் தவறு. ஏன் தவறு என்பதை அறிய வேண்டுமானால், முதலில் கிருமி என்பது என்னவென்று அறிய வேண்டும். பிறகு மார்க்கம் கூறுவதை முழுமையாகப் பார்க்க வேண்டும்.

கிருமி என்றால் என்ன?

அல்லாஹ்வின் படைப்புகளில் நம் கண்ணுக்குத் தெரிபவை மிகச் சிலவே. நாம் அறியாதவற்றையும் அவன் படைக்கிறான் என்று அருள்மறை பலமுறை நினைவூட்டுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அந்த நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. இரவில் பாலில் உறை ஊற்றி வைக்கிறோம். விடியும்போது அது தயிராகிவிடுகிறது. அந்த வேலையைச் செய்பவை நுண்ணுயிர்களே. நம் குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் உணவு செரிப்பதற்குத் துணை நிற்கின்றன. இவற்றுள் மிகச் சிறு பகுதிதான் நோயை உண்டாக்குகிறது. அவற்றையே நாம் கிருமிகள் என்று அழைக்கிறோம்.

கிருமிகளில் பல வகை உண்டு. காசநோய், காலரா, டைபாய்டு, தொழுநோய் ஆகியவை பாக்டீரியா என்னும் கிருமிகளால் வருகின்றன. அம்மை, டெங்கு, இன்ஃப்ளூயன்சா, 2020இல் உலகையே முடக்கிய கொரோனா ஆகியவை வைரஸ்களால் வருகின்றன. மலேரியாவை உண்டாக்குவது ஓர் ஒட்டுண்ணி. தோலில் வரும் படர்தாமரை ஒருவகைப் பூஞ்சையால் வருவது. இந்த வேறுபாட்டை அறிவது வெறும் ஏட்டறிவுக்காக அன்று. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை எதுவும் செய்யாது. ஆகவே ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் நாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது பயனற்றது. பின்னாளில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் அது வழிவகுக்கிறது.

ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு பாதை

இங்கே ஒரு முக்கியமான உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எந்தக் கிருமியும் எல்லா வழிகளிலும் பரவுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு பாதை உண்டு.

காலராவின் பாதை தண்ணீர். 1854இல் லண்டன் மாநகரின் ஒரு பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலோர் ஒரே அடிகுழாயில் தண்ணீர் எடுத்தவர்கள் என்பது தெரிந்தது. அந்தக் குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. மலேரியாவின் பாதை கொசு. இதனை 1897இல் நம் நாட்டின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றுக்குள் ஒட்டுண்ணியைக் கண்டு நிரூபித்தார். காலராவுக்கு அஞ்சிக் கொசுவலை கட்டுவதாலோ, மலேரியாவுக்கு அஞ்சித் தண்ணீரைக் காய்ச்சுவதாலோ பயன் கிடைக்காது. பாதையை அறிந்து, அந்தப் பாதையை அடைக்க வேண்டும். இதுதான் தொற்றுநோய்த் தடுப்பின் அடிப்படை.

அப்படியானால் காசநோயின் பாதை எது?

காசநோய்க் கிருமி

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர், காசநோயை உண்டாக்கும் கிருமியைத் தாம் கண்டறிந்ததாக அறிவித்தார். மனிதர்களில் ஏழில் ஒருவர் இந்நோயால் மடிவதாக அன்று அவர் கூறினார். அதுவரை பலரும் இதனைப் பரம்பரை நோய் என்றே எண்ணியிருந்தனர். ஒரே குடும்பத்தில் தாய்க்கும் மகளுக்கும் வந்ததைக் கண்டு, இது இரத்தத்தில் வருவது என்று முடிவுகட்டினர். உண்மையில் அவர்கள் பகிர்ந்துகொண்டது இரத்தத்தை அன்று. ஒரே அறையின் காற்றை. கோக் அவர்களுக்கு 1905இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மார்ச் 24 இன்றும் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இக்கிருமி சிறு கோல் போன்ற வடிவமுடையது. முந்நூறு, நானூறு கிருமிகளை நீளவாக்கில் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் அளவாகும். அதன் மேலுறை மெழுகு போன்ற கொழுப்பால் ஆனது. ஆகவே மருந்து எளிதில் உட்புகுவதில்லை. மற்றக் கிருமிகளுள் சில இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமியோ ஒருமுறை பெருகுவதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நோய் மெதுவாக வளர்வதற்கும், சிகிச்சை நீண்டு செல்வதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும், தும்மும்போதும், உரக்கப் பேசும்போதும் மிக நுண்ணிய துளிகள் வெளிப்படுகின்றன. அவை உலர்ந்து, கிருமியைச் சுமந்தபடி காற்றில் மிதக்கின்றன. காற்றோட்டமில்லாத இருண்ட அறையில் அவை பல மணி நேரம் மிதக்கக்கூடும். காற்று வீசும் இடத்தில் கலைந்துபோகின்றன. சூரிய ஒளியில் கிருமிகள் மடிகின்றன. அந்தக் காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலை அடைவதே இந்நோயின் பாதை. உண்ணும் தட்டாலோ, குடிக்கும் குவளையாலோ, உடுத்தும் ஆடையாலோ, கைகுலுக்குவதாலோ, ஸலாம் சொல்லித் தழுவுவதாலோ இது பரவுவதில்லை.

கிருமி உள்ளே புகுந்த அனைவரும் நோயாளிகளாகிவிடுவதில்லை. நம் உடலில் அல்லாஹ் அமைத்திருக்கும் காவற்படை அக்கிருமியைச் சூழ்ந்து சிறைவைத்துவிடுகிறது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் உடலில் இக்கிருமி உறங்கிக்கொண்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களுள் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. போதிய உணவில்லாதவர், நீரிழிவு உள்ளவர், புகைபிடிப்பவர், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர், சின்னஞ்சிறு குழந்தைகள் ஆகியோரிடம் அந்தச் சிறை எளிதில் உடைகிறது. நீரிழிவு மிகுந்துவிட்ட நம் குடும்பங்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது பழைய காலத்து நோய், ஒழிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். நோயுற்றவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானோர் நம் இந்திய நாட்டினர்.

மார்க்கம் தொற்றை மறுக்கிறதா?

தொற்று என்பது இல்லை என்ற கருத்தில் நபிமொழி இருப்பது உண்மைதான். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. ஆனால் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது முறையாகாது. தொழுநோயாளியிடமிருந்து சிங்கத்தைக் கண்டு விலகுவதுபோல் விலகுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள் (புகாரி). நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுசெல்லக் கூடாது என்றும் தடுத்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). ஸகீஃப் குலத் தூதுக்குழுவில் வந்த தொழுநோயாளி ஒருவருக்கு, அவரது பைஅத்தை ஏற்றுக்கொண்டதாகவும் அவர் திரும்பிச் செல்லலாம் என்றும் ஆளனுப்பிச் சொன்னார்கள் (முஸ்லிம்).

இவை ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா? இல்லை. அறியாமைக் கால அரபிகள், நோய் தன் சுய ஆற்றலால் தானே பரவுகிறது, அதில் இறைவனின் நாட்டத்துக்கு இடமில்லை என்று நம்பினர். அந்த நம்பிக்கையைத்தான் நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். ஒட்டகத்தின் சொறி குறித்து ஒரு கிராமவாசி வினவியபோது, முதல் ஒட்டகத்துக்கு அதனைத் தொற்றவைத்தது யார் என்று திருப்பிக் கேட்டதன் உட்பொருளும் அதுவே. நோய்க்கான காரணங்களை அல்லாஹ்வே அமைத்துள்ளான். அக்காரணங்களைத் தவிர்ந்துகொள்ளும்படி மற்ற நபிமொழிகள் ஏவுகின்றன. பெரும்பான்மை அறிஞர்களின் விளக்கம் இதுதான் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் நூலின் விரிவுரையில் எடுத்துரைக்கிறார்கள்.

சற்றுச் சிந்தியுங்கள். ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசித்த பத்துப் பேரில் ஒருவர் நோயுறுகிறார். ஒன்பது பேர் நலமாக இருக்கின்றனர். கிருமி ஒரு காரணமே அன்றி எசமான் அன்று. அதே வேளை, நெருப்பும் ஒரு காரணமே என்பதற்காக நாம் அதில் கையை வைப்பதில்லை.

சர்ஃக்கில் எடுத்த முடிவு

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணப்பட்டு 'சர்ஃக்' என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. முஹாஜிர்களையும், அன்ஸாரிகளையும், குறைஷிப் பெரியவர்களையும் அடுத்தடுத்து அழைத்து ஆலோசித்தார்கள். பின்னர் மக்களுடன் திரும்பிவிட முடிவெடுத்தார்கள். தளபதி அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டார்கள். உமர் (ரலி) அவர்களோ, ஆம், அவனது ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை செழிப்பாகவும் மறுகரை வறண்டும் இருந்தால், எந்தக் கரையில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதான் என்று உவமையும் கூறினார்கள்.

அப்போது அங்கு வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லவும் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அதற்கு அஞ்சி வெளியேறவும் வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டதாக அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பிச் சென்றார்கள் (புகாரி, முஸ்லிம்). ஹிஜ்ரி 18இல் பரவிய அந்த அம்வாஸ் கொள்ளைநோயில் அபூ உபைதா (ரலி), முஆத் பின் ஜபல் (ரலி) போன்ற மாபெரும் தோழர்கள் மறைந்தார்கள். பின்னர் பொறுப்பேற்ற அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்கள், மக்களை மலைப்பகுதிகளுக்குப் பிரிந்து செல்லுமாறு பணித்ததாகவும், அதன்பின் நோய் அகன்றதாகவும் வரலாறு கூறுகிறது.

இந்நிகழ்வில் நமக்கு இரு பாடங்கள் உண்டு. ஒன்று, முன்னெச்சரிக்கை தவக்குலுக்கு எதிரானதன்று. மற்றொன்று, தன்னைக் காத்துக்கொள்வதுடன், தன்னால் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பதும் கடமை. ஊரைவிட்டு வெளியேற வேண்டாம் என்ற தடையின் பயன் அடுத்த ஊராருக்குத்தான் சென்றடைகிறது.

நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே முஸ்லிம் அறிஞர்கள் இதனைக் கூர்ந்து நோக்கினர். 1348இல் அந்தலூஸை (ஸ்பெயின்) பெருங்கொள்ளைநோய் தாக்கியபோது, கிரனடாவைச் சேர்ந்த லிசானுத்தீன் இப்னுல் கதீப் (இறப்பு 1374) என்ற அறிஞர் அதுபற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியுடன் பழகியவர்கள் நோயுறுவதையும், ஒதுங்கி வாழ்ந்தவர்கள் தப்புவதையும், உடை, பாத்திரம் போன்றவற்றாலும் அந்நோய் பரவுவதையும் எடுத்துக்காட்டி, தொற்று என்பது அனுபவத்தால் நிரூபணமானது என்று வாதிட்டார். கண்முன் தெரியும் உண்மைக்கு மாறாகத் தோன்றும் ஆதாரத்துக்கு விளக்கம் காண வேண்டுமே அன்றி, உண்மையை மறுக்கக் கூடாது என்பது அவரது நிலைப்பாடு.

தட்டைப் பிரிக்காதீர்கள், ஜன்னலைத் திறவுங்கள்

பாதையை அடைக்க வேண்டும் என்று முன்னர் கூறினோம். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறானது. பரவாத வழியாகிய தட்டையும் குவளையையும் பிரிக்கிறோம். பரவும் வழியாகிய காற்றை அறைக்குள் அடைக்கிறோம். இதனால் நோயாளியின் உள்ளம் புண்படுகிறது. வீட்டாருக்கோ எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியவை எளியவை. நோயாளியின் அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெளிச்சமும் காற்றும் வரட்டும். இருமும்போது கைக்குட்டையாலோ துணியாலோ வாயை மூட வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் தும்மும்போது தம் கையாலோ ஆடையாலோ முகத்தை மறைத்துக்கொள்வார்கள் என்று அபூதாவூத், திர்மிதீ நூல்களில் காண்கிறோம். சளியைக் கண்ட இடத்தில் துப்பாமல் மூடியுள்ள பாத்திரத்தில் சேகரித்து அப்புறப்படுத்த வேண்டும். சிகிச்சையின் தொடக்க வாரங்களில் முகக்கவசம் அணிவது நல்லது. வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகக் குழந்தைகள், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தேவைப்படுவோருக்குத் தடுப்பு மருந்தும் உண்டு. பிறந்த குழந்தைக்குப் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி, மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து குழந்தைகளைக் காக்கிறது, அதனைத் தவறவிடாதீர்கள்.

நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்ற ஐயத்துக்கு விடை கிடைத்ததே நம் சென்னையில்தான். ஒரு காலத்தில் இந்நோயாளிகளை ஊருக்கு வெளியே சானடோரியங்களில் மாதக்கணக்கில் வைத்திருந்தனர். 1928இல் தாம்பரத்தில் தொடங்கப்பட்ட அத்தகைய நிலையத்தின் பெயர் இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு நிலைத்திருக்கிறது. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம் ஓர் ஆராய்ச்சியை மேற்கொண்டது. நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகள் வழங்கப்பட்டன. சானடோரியத்தில் நல்ல உணவும், ஓய்வும், பணிவிடையும் இருந்தன. வீட்டில் இருந்தவர்களோ நெருக்கடியான இடங்களில் வாழ்ந்த ஏழைகள்.

1959இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. ஏன் தெரியுமா? மருந்து தொடங்கியதும் பரப்பும் தன்மை விரைந்து குறைந்துவிடுகிறது. வீட்டாருக்குத் தொற்றுவது பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முந்திய நாட்களில்தான். அந்த ஆய்வுக்குப் பிறகே வீட்டிலேயே சிகிச்சை அளிக்கும் முறை உலகெங்கும் பரவியது. அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக சேத்துப்பட்டில் இயங்கிவருகிறது.

அன்புச் சகோதர சகோதரிகளே! ஆபத்தானவர் மருந்து உண்ணும் நோயாளி அல்லர். நோயை மறைத்து, மருந்தின்றி இருமிக்கொண்டிருப்பவரிடமிருந்தே நோய் பரவுகிறது. வெட்கத்தால் நாம் மறைக்கும் ஒவ்வொரு வாரமும் நம் பிள்ளைகள் அந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள். இதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டலாமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள் (திர்மிதீ). கட்டாமல் விடுவது தவக்குல் அன்று, பொறுப்பின்மை.

ஆறு மாத அமானிதம்

எல்லா நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை இறக்கியுள்ளான் என்பது நபிமொழியின் கருத்து (புகாரி). மருத்துவம் செய்துகொள்ளுமாறு அல்லாஹ்வின் அடியார்களை விளித்து நபி (ஸல்) அவர்கள் ஏவியும் உள்ளார்கள் (அபூதாவூத், திர்மிதீ). தேனும் கருஞ்சீரகமும் சிறப்புக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஓதிப்பார்ப்பதும் துஆ செய்வதும் நம் வழிமுறையே. ஆனால் அவற்றைக் காரணம் காட்டி மருத்துவர் தந்த மருந்தைக் கைவிடுவது, மருத்துவம் செய்யுங்கள் என்ற ஏவலையே கைவிடுவதாகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் அங்கு இலவசம். சாதாரணக் காசநோய்க்கு முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதங்கள் மூன்று மருந்துகளும் தரப்படுகின்றன.

சில வாரங்களிலேயே இருமல் நின்றுவிடும், உடம்பு தேறும். அந்த நேரத்தில்தான் பலரும் தவறு செய்கின்றனர். குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடுகின்றனர். விரைந்து பெருகும் கிருமிகள் மடிந்தனவே தவிர, மெதுவாக இயங்கும் கிருமிகள் இன்னும் உள்ளே பதுங்கியிருக்கின்றன. அவை மீண்டும் எழும்போது, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளாகவும் மாறியிருக்கக்கூடும். அதன்பின் வேறு கடுமையான மருந்துகள் தேவைப்படும். அவரிடமிருந்து தொற்றுபவருக்கும் அதே கடுமையான நோய் வரும். ஆகவே ஆறு மாத மருந்தை நிறைவு செய்வது நம் உடலுக்கு மட்டுமன்றி, நம் அண்டை வீட்டாருக்கும் செலுத்த வேண்டிய அமானிதமாகும்.

மருந்து உண்ணும்போது சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகத் தோன்றலாம். அது இரத்தம் அன்று, ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம், அஞ்ச வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, தொடர்ந்து வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

ரமளான் மாதத்தில் பலர் மருந்தை விட்டுவிடுவதுண்டு. இம்மருந்துகள் பொதுவாக நாளுக்கு ஒரு வேளை உண்பவை. ஆகவே உடல்நிலை இடம் கொடுப்போர் மருத்துவரின் ஆலோசனைப்படி ஸஹரிலோ இஃப்தாருக்குப் பின்னோ நேரத்தை மாற்றிக்கொள்ள இயலும். நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் கூறினால், நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அல்லாஹ்வே திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் சலுகை அளித்துள்ளான். அவன் தந்த சலுகையை ஏற்பதில் வெட்கம் எதற்கு?

பரப்பும் நிலையில் உள்ளவர், மருத்துவர் அனுமதிக்கும்வரை வீட்டிலேயே தொழுதுகொள்ளலாம். பச்சைப் பூண்டு உண்டவர் அதன் வாடையால் பிறருக்குத் தொல்லை தரலாகாது என்பதற்காகப் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் எனத் தடுத்த மார்க்கம் நம்முடையது (புகாரி, முஸ்லிம்). வாடைக்கே அப்படியென்றால் நோய்க்கு எப்படி?

ஜமாஅத்தின் கடமை

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. காசநோயாளிக்கும் அந்த உரிமை உண்டு. வாசலில் நின்று கேட்டாலும், தொலைபேசியில் அழைத்து துஆ செய்தாலும் அவர் உள்ளம் குளிரும்.

இதைவிடப் பெரிய உதவி ஒன்றும் நம் கையில் இருக்கிறது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகள் 2,800 பேரின் குடும்பங்களில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு பகுதிக் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு உள்ளிட்ட உணவுப் பொருட்களும் சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. அவ்வாறு பெற்ற குடும்பங்களில் மற்றவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது என்று 2023இல் வெளியான முடிவு கூறுகிறது. பசித்த வீட்டுக்கு நாம் தரும் அரிசி மூட்டை, அந்த வீட்டுப் பிள்ளையின் நுரையீரலையும் காக்கிறது என்பதே இதன் பொருள்.

சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்கு அரசு மாதம் 500 ரூபாய் வழங்கிவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது ஓரளவு துணைதான். வேலைக்குச் செல்ல இயலாத குடும்பத் தலைவரின் வீட்டுக்கு ஜகாத்தும் ஸதகாவும் ஆறு மாதம் தவறாமல் சென்றால் அவர் மருந்தை நடுவில் நிறுத்த வேண்டிய நிலை வராது. மஹல்லா ஜமாஅத்தார், பெயரை வெளியிடாமல் இவ்வுதவியைச் செய்யலாம். ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது அருள்மறை தரும் கருத்தல்லவா?

பெண் மக்கள் விஷயத்தில்

இறுதியாக ஒன்று. இந்நோயால் அதிகம் துன்புறுபவர்கள் நம் பெண் மக்களே. கணவருக்கு நோய் வந்தால் மனைவி பணிவிடை செய்கிறாள். மனைவிக்கு வந்தால் தாய் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வீடுகளும் இருக்கின்றன. இது எந்த நீதி? உங்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே என்று கற்பித்த நபியின் உம்மத்தினர் அல்லவா நாம்?

காசநோய் பரம்பரை நோய் அன்று. சிகிச்சையை முழுமையாக முடித்துக் குணமடைந்தவர் நோயைப் பரப்புவதில்லை. திருமணம் செய்துகொள்ளத் தடையும் இல்லை. சிகிச்சையில் இருப்பவரின் திருமணத்தைச் சில மாதங்கள் தள்ளிவைத்து, உண்மையைச் சொல்லிச் செய்வதே முறை. குறையை மறைத்துப் பொருளை விற்பதையே வன்மையாகக் கண்டித்தது மார்க்கம்; வாழ்க்கை ஒப்பந்தத்தில் மறைப்பது அதனினும் பாரதூரமானது. அதே வேளை, குணமடைந்த பெண்ணை என்றோ வந்த நோய்க்காக நிராகரிப்பவரும் அநீதி இழைக்கிறார். மறைக்கும் குற்றத்தைச் செய்யத் தூண்டுவது அத்தகைய நிராகரிப்பே. உண்மையைச் சொன்னவரை நாம் கண்ணியமாக நடத்தினால், நாளை யாரும் மறைக்க மாட்டார்கள். மறைக்காவிட்டால் நோயும் பரவாது.

ஆகவே அன்பர்களே! உங்கள் வீட்டில் இருமல் நீடிக்கும் ஒருவர் இருந்தால், இந்த வாரமே அவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோய் என்று தெரிந்தால் ஜன்னலைத் திறவுங்கள்; அவருடன் அமர்ந்து ஆறுதல் சொல்லுங்கள்; ஆறு மாதமும் மருந்தை நினைவூட்டுங்கள்; ஐவேளைத் தொழுகையிலும் ஷிஃபாவுக்காகக் கையேந்துங்கள்.

நோய்களைக் குணப்படுத்தும் வல்ல ரஹ்மான், நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! நம் சந்ததிகளைக் கொடிய நோய்களிலிருந்து காப்பானாக! நோயாளியை வெறுக்காமல் நோயை அகற்றப் பாடுபடும் நன்மக்களாக நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!